வெங்கச்சாங்கல்லும் வானொலிப் பெட்டியும்



வழக்கமாக இந்த நேரத்தில் உரம், பூச்சிமருந்து, விதை நேர்த்தி என்று பேசுவார்கள். இன்றைக்கு நான் ஒரு கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "கல்லைப் பத்திக் கேட்டு எங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?" என்று எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் காட்டில் கிடக்கிற கல்தான் அது.

ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துச் செம்மண் காட்டில் ஏர் ஓட்டியவர்களுக்கு வெங்கச்சாங்கல்லைத் தெரியாமல் இருக்காது. வெள்ளை வெளேரென்று கொழு முனையில் வந்து இடிக்கும். பொறுக்கிப் பொறுக்கி வரப்பு ஓரம் குவித்து வைப்போம். சின்ன வயதில் இருட்டில் இரண்டு கல்லை எடுத்து உரசினால் உள்ளே மினுக்கென்று ஒரு வெளிச்சம் தெரியும், ஒரு கருகல் வாசனை வரும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பெரியவர்களுக்கு அது ஒரு தொல்லை.

அந்தக் கல்லுக்குள் சிலிக்கான் என்று ஒரு தனிமம் இருக்கிறது. வானொலிப் பெட்டி, கைப்பேசி, மோட்டாரை வீட்டிலிருந்தே போடுகிற ஸ்டார்ட்டர், கொட்டகை மேல் இருக்கிற சூரியத் தகடு, எல்லாவற்றிலும் வேலை செய்வது அதுதான். அந்தச் சரக்கை நம் மேட்டூரிலேயே ஒரு காலத்தில் தூய்மையாகக் காய்ச்சி எடுத்தார்கள். இது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் என் கதை கொஞ்சம்.

1973ஆம் வருஷம் என் அப்பா நிலக்கடலை விற்ற பணத்தில் சேலம் டவுனுக்குப் போய் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி வாங்கி வந்தார். தபால் ஆபீசில் அதற்கு லைசென்சுப் புத்தகம் போட வேண்டிய காலம். பெட்டிக்குத் தோலுறை, தோளில் மாட்ட வார். சாயந்திரம் திருச்சி நிலையத்தைத் திருப்பி வைத்தால் திண்ணையில் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். வானிலை அறிக்கை, மார்க்கெட் நிலவரம், நாடகம், எல்லாம் அதிலேதான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஒரு நாள் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெள்ளிக் கூடு போலச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஒரு திருகாணி. எல்லாம் தளர்ந்து கிடக்கிறது என்று நினைத்து, திருப்புளியால் நன்றாக இறுக்கி வைத்தேன். உபகாரம் செய்கிறேன் என்றுதான் செய்தேன். மூடியைப் போட்டுத் திருப்பினால் இரைச்சல் மட்டும்தான் வந்தது. ஒரு நிலையமும் பேசவில்லை.

அன்றைக்குக் களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. முக்கால்வாசிக் காய் நனைந்து கறுத்துப் போயிற்று. அறிக்கையைக் கேட்டிருந்தால் அப்பா முன்கூட்டியே மூடியிருப்பாரா என்று சொல்ல முடியாது. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்தில் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் எட்டாவதோடு படிப்பை விட்டவர். பார்த்ததுமே, "பையன் கை வச்சிருக்கானுங்களா?" என்று கேட்டார். ஸ்வெட்டர் பின்னுகிற பிளாஸ்டிக் ஊசி ஒன்றின் நுனியைத் தட்டையாக ராவி வைத்திருந்தார். அதால் ஒவ்வொரு திருகாணியையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். இரும்புத் திருப்புளி அந்தச் சுருளுக்கு ஆகாதாம். அரை மணி நேரத்தில் திருச்சி பேசியது. அப்புறம் மேஜை டிராயரிலிருந்து கெட்டுப் போன ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து, மேல்தொப்பியை ராவித் திறந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே கடுகில் பாதி அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் துணுக்கு. "தம்பி, பெட்டி பாடறது இதுலதான். இது என்னன்னு கத்துக்கிட்டு அப்புறம் திருகாணியில கை வை" என்றார்.

அந்தத் துணுக்கு என்ன என்று பார்ப்போம்.

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடும். பீங்கானில் ஓடாது. இரண்டுக்கும் நடுவே சில பொருள்கள் இருக்கின்றன. சும்மா விட்டால் சரியாக ஓட விடாது, பக்குவப்படுத்தினால் நாம் சொன்னபடி ஓட விடும். இவற்றுக்குக் குறைகடத்தி என்று பேர். சிலிக்கான், ஜெர்மேனியம் இரண்டும் இதில் முக்கியமானவை. சிலிக்கான் அணு ஒவ்வொன்றுக்கும் நான்கு கை. பக்கத்திலிருக்கிற நான்கு பேரோடு கைகோத்து நிற்கும். எல்லாக் கையும் கோத்திருப்பதால் மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லை.

இப்போது அதில் துளி பாஸ்பரஸ் கலக்கிறார்கள். நாம் மணிச்சத்து என்று சூப்பர் பாஸ்பேட்டில் போடுகிறோமே, அதே பாஸ்பரஸ்தான். அதற்கு ஐந்து கை. நான்கு கோத்த பிறகு ஒன்று மிச்சம். அந்த மிச்சம் ஊர் சுற்றும், மின்சாரம் ஓடும். இன்னொரு துண்டில் போரான் கலக்கிறார்கள். கடலைக்கு நுண்ணூட்டமாகப் போடுகிற போரான்தான் அதுவும். அதற்கு மூன்றே கை. அதனால் ஒரு இடம் காலியாக நிற்கும். பக்கத்து ஆள் காலி இடத்துக்கு நகர, அவர் இடம் காலியாகும். இப்படிக் காலியிடமே நகர்ந்து போகும். இந்த இரண்டு விதத்தையும் ஒட்ட வைத்தால் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் போகும், திரும்பி வராது. கிணற்றுக் குழாயின் அடியில் ஃபுட் வால்வு போட்டிருக்கிறோமே, அதே காரியம். இதற்கு டயோடு என்று பேர்.

இதையே மூன்று அடுக்காக வைத்தால் டிரான்சிஸ்டர். நடு அடுக்கு மிக மெல்லியது. அது வாய்க்காலின் மடைப் பலகை மாதிரி. சின்னப் பையன் ஒரு கையால் பலகையைத் தூக்கினால் ஏரித் தண்ணீர் பாய்கிறதல்லவா? ஏரியல் பிடித்து வருகிற மின்சாரம் ரொம்ப நோஞ்சான். அது பலகையைத்தான் ஏற்றி இறக்கும். பாய்கிற தண்ணீர் பேட்டரியினுடையது. ஏற்றி இறக்குகிற தாளம் பாடகருடையது. சின்னச் சத்தம் பெரிய சத்தமாவது இப்படித்தான்.

இந்த விவரமெல்லாம் தெரிவதற்கு முன்பே ஆட்கள் இதைப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது வரலாற்றில் சுவையான இடம். 1874இல் ஜெர்மனியில் பிரவுன் என்கிற விஞ்ஞானி, காரீயத் தாதுக் கல்லான கலீனாவில் கம்பி முனையை வைத்துப் பார்த்தார். மின்சாரம் ஒரு பக்கம் நன்றாகப் போகிறது, மறுபக்கம் போகவில்லை. ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பிறகு கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ், கம்பியில்லாமல் வருகிற அலையைக் கண்டுபிடிக்க அந்தக் கல்லையே பயன்படுத்தினார். செடிகொடிகளுக்கு உணர்ச்சி உண்டு என்று ஆராய்ச்சி செய்தாரே, அவர்தான். காப்புரிமை வாங்குவது அவருக்குப் பிடிக்காத காரியம். நண்பர்கள் வற்புறுத்தி 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பம் போட வைத்தார்கள். 1904இல் உரிமை கிடைத்தது. குறைகடத்திப் பொருள் ஒன்றுக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் அது ஒன்று. அதை வைத்து அவர் காசு பண்ணவில்லை.

அதன் பிறகு உலகம் முழுக்கக் கலீனாக் கல்லை வைத்துப் பொழுதுபோக்காக வானொலி கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு கல், அதைத் தொட ஒரு மெல்லிய கம்பி, ஒரு செம்புச் சுருள், காதில் வைக்க ஒரு குழல். கம்பி முனையை நகர்த்தி நகர்த்தி, நன்றாகக் கேட்கிற இடத்தைக் கல்லிலே தேட வேண்டும். அந்தக் கம்பிக்குப் பூனை மீசை என்று பட்டப்பெயர். பேட்டரியே வேண்டாம். வருகிற அலையே ஓட்டிக்கொள்ளும்.

நம் மாகாணத்தில் ஒலிபரப்பு ஆரம்பித்ததும் இப்படிப்பட்ட பொழுதுபோக்குக்காரர்களால்தான். சர்க்கார் பிறகுதான் வந்தது. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் முன்னின்று, 1924 மே மாதம் சென்னையில் ரேடியோ சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அந்த வருஷம் ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பு. கருவியின் சக்தி வெறும் 40 வாட். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்றின் சக்திதான். அதை வைத்துக்கொண்டு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். பணமுடையால் 1927இல் சங்கத்தை மூடும்படி ஆயிற்று. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலி சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் வந்தது. சங்கம் மூடியதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதை போட்டவனே அறுக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

நடுவில் வால்வுப் பெட்டிகளின் காலம். கண்ணாடிக் குமிழுக்குள் இழை சூடேறி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச ஆரம்பிக்கும். பஞ்சாயத்து ஆபீசில் ஒன்று இருக்கும். கரண்டு இல்லாத ஊரில் அதற்குக் கனமான பேட்டரி வேண்டும். காட்டுக்குத் தூக்கிப் போகிற சமாச்சாரமா அது?

1947 டிசம்பரில், நாம் சுதந்திரம் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் இரண்டு பேரும் ஒரு ஜெர்மேனியத் துண்டின் மேல் இரண்டு தங்க முனையை நெருக்கி வைத்துச் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அவர்கள் குழுவின் தலைவர் ஷாக்லி, சீக்கிரமே அதைவிட உறுதியான அடுக்கு வகையைக் கணக்குப் போட்டுச் சொன்னார். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு. 1954இல் நான்கே டிரான்சிஸ்டர் வைத்த கையடக்க வானொலி அமெரிக்கக் கடைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962 வாக்கில் ஜெர்மேனியம் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தது. பெட்டிக்குள்ளே கடுகளவு இருக்கிற சாமானின் பேரையே நம் ஜனங்கள் பெட்டிக்கு வைத்து, "டிரான்சிஸ்டரைப் போடு" என்றார்கள். வேறு எந்த உதிரி பாகத்துக்கும் இந்த மரியாதை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெட்டி வயலுக்கு வந்ததன் பலனைத் தஞ்சாவூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்கிற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே பரப்பியது. ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஜெர்மேனியத்துக்கு ஒரு குணக்கேடு உண்டு. வெயில் ஆகாது. சூடு ஏற ஏற, நாம் விடாத மின்சாரமும் தானே கசியும். சித்திரை வெயிலில் வரப்பு மேல் வைத்த பழைய பெட்டி கொரகொரவென்று பேசினதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். சிலிக்கான் அந்தச் சூட்டைத் தாங்கும். அதனால் 1954க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கான் முன்னுக்கு வந்தது. ஒரே துணுக்கில் பல டிரான்சிஸ்டரைச் சேர்த்துச் செய்கிற வித்தை 1958, 59இல் வந்த பிறகு அதன் கொடி இறங்கவே இல்லை.

சிலிக்கானுக்குப் பஞ்சமா? மணலில் இருக்கிறது, வெங்கச்சாங்கல்லில் இருக்கிறது, நெல் உமியைச் சுட்டால் கிடைக்கிற சாம்பலிலும் பெரும்பகுதி அதன் ஆக்சைடுதான். கல்லையும் கரியையும் மின் உலையில் போட்டு எரித்தால் 98, 99 சதம் சுத்தமான சிலிக்கான் கிடைத்துவிடும். நெல்லில் சான்று விதைக்கு 98 சதம் சுத்தம் இருந்தால் போதும் என்று விதைச் சான்றுத் துறை சொல்கிறது. ஆனால் டிரான்சிஸ்டருக்கு இது குப்பை.

அதற்கு வேண்டிய சுத்தம் எவ்வளவு தெரியுமா? நூறு கோடி அணுவில் ஒரே ஒரு கலப்பு அணு இருக்கலாம். நூறு கோடி நெல்மணி என்றால் சுமார் 300 மூட்டை, மூட்டைக்கு 75 கிலோ. இரண்டு லாரி பாரம். அத்தனை நெல்லில் ஒரே ஒரு கலப்பு நெல்! எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்றால், மணிச்சத்தும் போரானும் நாம் அளந்து போட வேண்டிய பொருள்கள். ஒரு கோடியில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்கிற கணக்கில்தான் போடுகிறார்கள். முன்னமே கண்டதெல்லாம் கலந்து கிடந்தால், போட்டதற்கு என்ன அர்த்தம்?

இந்தச் சுத்தத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு செய்ய முடியாது. நம் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையில் என்ன செய்கிறார்கள்? மரவள்ளிக் கிழங்கைக் கிழங்காக வைத்துக்கொண்டு மாவைச் சுத்தம் பண்ண முடியுமா? அரைத்துப் பாலாக்கி, வடிகட்டி, தெளிய வைத்து, கழுவி, மறுபடி கெட்டியாக்குகிறார்கள். சிலிக்கானுக்கும் அதே வழிதான். தூளாக்கிய சிலிக்கானை 300 டிகிரி வாக்கில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவோடு சேர்த்தால் டிரைகுளோரோசிலேன் என்கிற திரவம் கிடைக்கும். 32 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு அது. திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்கலாம். சுத்தமான பிறகு ஹைட்ரஜனோடு கலந்து, சுமார் 1,100 டிகிரி சூட்டில் தகதகவென்று இருக்கிற மெல்லிய சிலிக்கான் கோலின் மேல் விட்டால், சுத்தச் சிலிக்கான் கோலின் மேல் படிந்து படிந்து பருக்கும்.

இதற்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். குளோரின், ஹைட்ரஜன், நிறைய மின்சாரம். மூன்றும் ஒரே இடத்தில் இருந்த ஊர் மேட்டூர்.

1934இல் மேட்டூர் அணை திறந்தார்கள். கொஞ்ச வருஷத்தில் நீர்மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தை நம்பி மேட்டூர் கெமிக்கல்ஸ் கம்பெனி வந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரத்தை விட்டுக் காஸ்டிக் சோடா எடுப்பது அதன் தொழில். அப்படி எடுக்கும்போது குளோரினும் ஹைட்ரஜனும் கூடவே வரும். ஆக, சிலிக்கான் காய்ச்ச வேண்டிய சாமான் அத்தனையும் ஆலை வாசலிலேயே இருந்தது. இல்லாதது வித்தை ஒன்றுதான். அதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் வாசுதேவ மூர்த்தியும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். வெளிநாட்டில் கேட்டால் சொல்லித்தர மாட்டார்கள், சொல்லித்தந்தாலும் விலை தாங்காது என்ற காலம். ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து, அந்த வித்தையை மேட்டூருக்குக் கொண்டு வந்தார்கள். 1980களில் மெட்கெம் சிலிக்கான் என்ற பேரில் வருஷத்துக்கு 25 டன் அளவில் ஆலை அமைந்தது. காவிரித் தண்ணீர் கீழே இறங்கி நம் மேட்டூர் வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகிற அதே ஊரில், இந்த நாட்டு விஞ்ஞானிகளின் முறையில் தூய சிலிக்கான் விளைந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? இங்கேதான் மனசு கசக்கிறது. அதே காலத்தில் மத்திய சர்க்கார், பரோடாவில் பெரிய சிலிக்கான் ஆலை ஒன்றை அமெரிக்காவின் ஹெம்லாக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் அமைக்கத் திட்டம் போட்டது. நம்மிடமே வித்தை இருக்கும்போது வெளியில் ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு கட்சி. இந்த 25 டன் எந்த மூலைக்கு, நாட்டுக்குப் பெரிதாக வேண்டும் என்று இன்னொரு கட்சி. பத்திரிகையில் விஞ்ஞானிகளே காரசாரமாக எழுதிக்கொண்டார்கள். கடைசியில் பரோடா ஆலை வரவே இல்லை. மேட்டூர் ஆலையும் பெரிதாக வளரவில்லை.

நியாயத்தைச் சொன்னால், மேட்டூரில் கஷ்டமும் உண்டு. அந்தக் காலத்து முறையில் ஒரு கிலோ தூய சிலிக்கானுக்கு நூறு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பிடிக்கும். உங்கள் 5 குதிரைசக்தி மோட்டாரை ஒரு நாள் முழுக்க விடாமல் ஓட்டுகிற மின்சாரம், ஒரே ஒரு கிலோவுக்கு! மின்சாரம் விலை ஏறினால் சரக்கு விலை ஏறும். வெளிநாட்டு ஆலைகள் ஆயிரக்கணக்கான டன் காய்ச்சிக் குறைந்த விலைக்குத் தள்ளின. சின்னக் குடியானவன் பெரிய பண்ணையோடு சந்தையில் நின்ற கதைதான். தூய சிலிக்கான் காய்ச்சுவது அங்கே நின்றுபோயிற்று. இன்றைக்குச் சீனாவில் ஒரே நிறுவனம் வருஷத்துக்கு லட்சம் டன்னுக்கு மேல் எடுக்கிறது. நம் கிணற்று மேட்டில் மானியத்தில் வைக்கிற சூரிய பம்புசெட்டின் தகடு இந்தியாவில் ஒட்டியதாகவே இருந்தாலும், அதன் அடிச் சரக்கு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் குறைகடத்தித் தொழிலுக்கென்று 76,000 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. நல்லதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேட்டூரில் தெரிந்துகொண்டதைத் தொடர்ந்து செய்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வித்தை என்பது விதை நெல் மாதிரி. ஒரு போகம் விதைக்காமல் விட்டால் அடுத்த போகத்துக்கு வெளியில்தான் வாங்க வேண்டும்.

சரி, ராசிபுரத்துக்குத் திரும்புவோம்.

அந்தக் கடைக்காரர் அடுத்த தடவை போனபோது எனக்கு ஓ.ஏ. 79 என்ற ஜெர்மேனிய டயோடு ஒன்றும், காதில் செருகுகிற கிறிஸ்டல் இயர்போன் ஒன்றும் கொடுத்தார். அவர் சொன்னபடி மூங்கில் குழாயில் இனாமல் கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன். கிணற்று மேட்டுத் தென்னையிலிருந்து வீட்டுக் கூரை வரைக்கும் கம்பி கட்டினேன். இன்னொரு முனையைப் பம்பு இறங்குகிற இரும்புக் குழாயில் கட்டினேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு காதில் வைத்தால், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, திருச்சி. பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது. எழுப்பி அப்பாவின் காதில் வைத்தேன். நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். "எங்கிருந்துடா தீனி திங்குது இது?" என்றார். அதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு இன்னும் நான்கு வருஷம் படிக்க வேண்டியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து வருகிற கலைக்கதிர் மாதிரிப் பத்திரிகையை நூலகத்தில் தேடிப் படித்தேன். சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி ரிச்சி தெருவிலிருந்து சாமான் வாங்கினேன். எவ்வளவோ எரிந்து போயிற்று. எரிந்ததில்தான் கற்றேன்.

இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் குறைகடத்திப் பாடம் படிக்கிறார்கள். டயோடின் படத்தை ஸ்கேல் வைத்து அழகாகப் போடுவார்கள். பரீட்சையில் ஐந்து மார்க் வாங்குவார்கள். ஆனால் டயோடைக் கையில் எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். அதனால் ஒரு சின்னக் காரியம் சொல்கிறேன். பிள்ளையும் நீங்களும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்.

9 வோல்ட் பேட்டரி ஒன்று, பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 470 ஓம், 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, இரண்டு ஆணி. எல்லாம் டவுன் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பெரிய செலவில்லை. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 470 ஓம், அதிலிருந்து விளக்கின் நீளக் கால், விளக்கின் குட்டைக் காலிலிருந்து டிரான்சிஸ்டரின் கலெக்டர் கால். எமிட்டர் கால் பேட்டரியின் மைனஸுக்கு. பிளஸ்ஸிலிருந்து இன்னொரு கம்பியை 10,000 ஓம் வழியாக ஒரு ஆணிக்குக் கொண்டு போங்கள். அடுத்த ஆணியை டிரான்சிஸ்டரின் நடுக்காலான பேஸுக்குக் கட்டுங்கள். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர்.

இரண்டு ஆணியையும் ஒரு தொட்டி மண்ணில் இரண்டு விரல் இடைவெளியில் குத்துங்கள். மண் புழுதியாகக் காய்ந்திருந்தால் விளக்கு எரியாது. ஒரு செம்பு தண்ணீர் விடுங்கள், எரியும். ஈர மண் வழியாக ஓடுகிற மின்சாரம் விளக்கை நன்றாக எரிக்கப் போதாது. அது மடைப் பலகையைத்தான் தூக்குகிறது. விளக்கை எரிப்பது பேட்டரி. டிரான்சிஸ்டர் என்றால் என்ன என்று பிள்ளைக்கு அப்போது புரியும், பத்துப் பக்கம் படிக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. பழகுகிறவர்கள் வீட்டு 230 வோல்ட் கரண்டிலோ மோட்டார் ஸ்டார்ட்டரிலோ கை வைக்கவே கூடாது, பேட்டரியோடு நிற்க வேண்டும். என்னைப் போல ஏரியல் கட்ட ஆசைப்பட்டால் மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலோ கட்டக் கூடாது. இடி மழை வருகிற மாதிரி இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

ஆணியை ராத்திரியெல்லாம் இணைத்தபடி மண்ணில் விட்டுவிடாதீர்கள். பிளஸ் பக்கத்து ஆணி சீக்கிரம் துருப்பிடித்துத் தின்றுபோகும். ஏன் அந்த ஒரு ஆணி மட்டும் என்று பிள்ளை கேட்டால், மேட்டூரில் உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்ட கதையைச் சொல்லுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.